இருந்ததா, இருக்கிறதா? கேஸ் ஷீட்டில் பழைய நோயும் இப்போதைய நோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் பல வருடங்களாக எனக்கு வேலை. புதிதாகச் சேரும் நர்ஸ்கள், ஹவுஸ் சர்ஜன்கள், டேட்டா என்ட்ரிக்கு வரும் பிள்ளைகள், சில நேரம் நோயாளியின் மகளோ மருமகனோ என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பலவாக இருந்தாலும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும்: இந்த நோய் இவருக்கு இருந்ததா, இருக்கிறதா? இது எழுதும் முறை பற்றிய பக்கம் மட்டுமே. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

எது பழைய நோய், எது இப்போதைய நோய்? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

ஒரே வரியில் முடியாது. மூன்று கேள்வி கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நோய் உடம்பில் இன்னும் இருக்கிறதா? அதை அடக்கி வைக்க மருந்தோ ஊசியோ இன்னும் போகிறதா? நோய் போன பிறகும் எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறதா? முதல் இரண்டுக்கும் "இல்லை" என்றால் அது பழையது. மூன்றாவதற்கு "ஆமாம்" என்றால் நோய் பழையது, அது விட்டுப்போன சேதம் இப்போதையது. இரண்டையும் இரண்டு வரியாக எழுத வேண்டும். பெரும்பாலான குழப்பம் இந்த மூன்றாவதில்தான் வருகிறது.

கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் பிரச்சினைகளை எண் போட்டு எழுதி, நடப்பில் இருப்பது, முடிந்துபோனது என்று பிரிக்கும் பழக்கம் 1968-ல் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் பரவியது. பல மருத்துவமனைகளில் அந்தப் பக்கம் அச்சிலேயே இருக்கிறது. யாரும் நிரப்பாமல் வெள்ளையாகவும் இருக்கிறது.

நோயாளி "சுகர் இருந்துச்சு, இப்ப நார்மல்" என்கிறார். பழைய நோய் என்று எழுதலாமா?

எழுதக் கூடாது, அடுத்த கேள்வியைக் கேட்கும் வரை. "மாத்திரை போடுறீங்களாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "போடுறேன், அதனாலதான் நார்மல்" என்று பத்தில் எட்டுப் பேரிடமிருந்து பதில் வரும். (கணக்கெடுத்துச் சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்கிறேன்.) நம் ஊர்ப் பேச்சில் "சுகர் இருந்துச்சு" என்றால் போன தடவை டெஸ்ட் எடுத்தபோது அளவு கூடுதலாக இருந்தது என்று அர்த்தம், நோய் போய்விட்டது என்று அல்ல. "பிபி இல்ல" என்பதும் அப்படித்தான். காலையில் ஒரு ஆம்லோடிபின் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார்கள்.

எழுத வேண்டியது: "நீரிழிவு, 2014 முதல், மெட்ஃபார்மின் எடுக்கிறார், கட்டுக்குள்." கட்டுக்குள் இருக்கிறது என்பது இப்போதைய நோயின் நிலை. அது பழைய நோய் ஆகாது.

மருந்தே இல்லாமல் சர்க்கரை சரியாக இருந்தால்? அதற்கும் ஒரு வரையறை உண்டு. மருந்தை நிறுத்தி குறைந்தது 3 மாதம் கழித்து எடுத்த ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதைத் தணிந்த நிலை என்று சொல்ல 2021-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து முடிவு செய்தார்கள். தணிந்தது என்றால் குணமானது இல்லை. திரும்பி வரலாம், கண்ணையும் காலையும் வருடா வருடம் பார்க்க வேண்டும். அதனால் தணிந்த நிலை என்றே, தேதியோடு எழுதுங்கள். டாக்டர் அப்படிச் சொன்னால் மட்டும்.

ஹெச்/ஓ (H/O, ஹிஸ்டரி ஆஃப்), கே/சி/ஓ (K/C/O, நோன் கேஸ் ஆஃப்) இரண்டில் எதை எப்போது போடுவது?

என்னைக் கேட்டால் இரண்டையுமே விட்டுவிடலாம் என்பேன். ஆனால் விடமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் சொல்கிறேன்.

கே/சி/ஓ என்றால் ஏற்கெனவே கண்டறியப்பட்ட நோய், இன்னும் இருக்கிறது என்று நம் வார்டுகளில் புரிந்துகொள்கிறோம். ஹெச்/ஓ தான் வம்பு. "ஹெச்/ஓ காய்ச்சல், 3 நாளாக" என்று ஒரே பக்கத்தில் மேலே எழுதுவோம். அது இன்றைக்குக் கொதிக்கிற காய்ச்சல். நாலு வரி கீழே "ஹெச்/ஓ டிபி" என்று எழுதுவோம். அது எப்போதோ வந்த காசநோய். ஒரே இரண்டெழுத்து, ஒரு இடத்தில் நோயாளி இப்போது சொல்லும் தொந்தரவு, இன்னொரு இடத்தில் முடிந்துபோன கதை. எழுதியவருக்குத் தெரியும். இரவு இரண்டு மணிக்குப் படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு சம்பவம். குடியாத்தம் பக்கமிருந்து ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா, பீடி சுற்றுகிறவர், பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்று அட்மிட் ஆனார். அவருடைய கோப்பில் நாலு அட்மிஷன். நாலிலும் "ஹெச்/ஓ டிபி" என்ற வரி அப்படியே இருந்தது. வருடம் இல்லை, மருந்து முடித்தாரா என்றும் இல்லை. ஆபரேஷனுக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு நிழல். பழைய தழும்பா, புது நோயா? மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷனைச் சரியாகவே நிறுத்தி வைத்தார். சளிப் பரிசோதனை, தனி அறை, முகக்கவசம். வீட்டுக்காரர்கள் பயந்துபோய் வராண்டாவில் நின்றார்கள். மூன்றாம் நாள் மகள் ஊருக்குப் போய் டிரங்குப் பெட்டியைக் கிளறி, ரேஷன் கார்டு கவருக்குள் இருந்து ஒரு அட்டையைக் கொண்டுவந்தாள். 2011-ல் அரசு ஆஸ்பத்திரியில் 6 மாதம் மருந்து, ஒவ்வொரு கட்டத்திலும் டிக், கடைசியில் சளி நெகட்டிவ். சளி ரிசல்ட்டும் அன்றே நெகட்டிவ் என்று வந்தது. ஆபரேஷன் முடிந்தது.

அந்த நாலு அட்மிஷனில் ஒருவராவது இப்படி எழுதியிருந்தால் போதும்: "நுரையீரல் காசநோய், 2011. 6 மாத மருந்து முழுமையாக எடுத்தார். முடிவில் சளி நெகட்டிவ். வலது மேல் நுரையீரலில் பழைய தழும்பு." சளிப் பரிசோதனை ஒருவேளை அப்போதும் கேட்டிருப்பார்கள், மூன்று நாள் பயம் இருந்திருக்காது.

பழைய டிபிதானே, விட்டுவிடலாம் என்றும் நினைக்கக் கூடாது. மறுபடி நோய் வந்தால் முன்பு மருந்து எடுத்தவரா, பாதியில் விட்டவரா என்பது மருந்துக்குக் கட்டுப்படாத டிபியைச் சந்தேகிக்க முக்கியமான தடயம்.

தொழுநோய் மருந்து முடித்தவருக்கு என்ன எழுதுவது? விரல் மடங்கித்தான் இருக்கிறது.

இந்தக் கேள்வியை நம் மாவட்டத்துக்காரர் கேட்காமல் யார் கேட்பது? பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு) வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்றி வைக்கும் அறுவை சிகிச்சையை இங்கேதான் வளர்த்தெடுத்தார். விரல் தேய்ந்துபோவது கிருமி தின்பதால் அல்ல, உணர்ச்சி போனதால் சூடும் வெட்டும் தெரியாமல் புண்ணாவதால் என்று எடுத்துக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை 1955 முதல் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், இருபது வருடம் முன்பு மருந்து முடித்த பெரியவரின் சீட்டில் இன்றும் "தொழுநோய்" என்று மொட்டையாக எழுதுகிறோம்.

கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் பரிந்துரைத்தது. இப்போதைய கணக்கு: குறைந்த கிருமி வகைக்கு 6 மாதம், அதிகக் கிருமி வகைக்கு 12 மாதம். முடித்தவர் சிகிச்சையிலிருந்து விடுவிக்கப்பட்டவர். ஆகவே முதல் வரி: "தொழுநோய், அதிகக் கிருமி வகை, 1998–99, மருந்து முழுமை." இது பழையது. இரண்டாவது வரி: "இரு பாதங்களிலும் உணர்ச்சி இல்லை, வலது கை நான்காவது, ஐந்தாவது விரல் மடக்கம், இடது உள்ளங்காலில் புண்." இது இன்றையது, இன்றே கவனிக்க வேண்டியது. முதல் வரியை மட்டும் எழுதினால் யாரும் அவர் காலைப் பார்க்க மாட்டார்கள். "தொழுநோய்" என்று மட்டும் எழுதினால் சிலர் கட்டில் பக்கமே போக மாட்டார்கள். இரண்டும் நான் பார்த்தது.

ஒன்று கவனம்: மருந்து முடிந்து சில வருடம் வரைகூட வீக்கமும் நரம்பு வலியுமாக எதிர்வினை வரலாம். அது வந்தால் இப்போதைய பிரச்சினையாகத் தனியாக எழுத வேண்டும்.

அப்புறம், தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் பிரிவை 2019-ல்தான் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். நாம் எழுதும் ஒரு சொல் ஆஸ்பத்திரிக்கு வெளியேயும் போகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல், இப்போது வால்வு பழுது. ஒரே நோயா, இரண்டா?

ருமாட்டிக் காய்ச்சல் பழையது. வால்வு பழுது இப்போதையது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடும் பென்சிலின் ஊசி இப்போதைய சிகிச்சை. அந்தக் காய்ச்சல் மறுபடி வராமல் தடுக்கவே அது போடப்படுகிறது. மூன்றையும் எழுதுங்கள். ஊசி வரியை விட்டுவிட்டு டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்தால், ஊரில் உள்ள நர்ஸ் எதை வைத்து அடுத்த ஊசியைப் போடுவார்?

ஹார்ட் அட்டாக் எத்தனை நாளில் பழையதாகும்?

ஐசிடி-10 (நோய்களுக்குக் குறியீடு போட உலக சுகாதார நிறுவனம் வகுத்த பட்டியல்) கணக்குப்படி 4 வாரம், அதாவது 28 நாள் வரை புதியது. அதற்கு மேல் பழைய மாரடைப்பு என்று வேறு குறியீடு. ஆனால் குறியீடு மாறியதால் இதயம் மாறிவிடாது. ஸ்டென்ட், ஆஸ்பிரின், இதயத்தின் பம்ப் அளவு எல்லாம் இப்போதைய பட்டியலில் இருக்கட்டும். "மாரடைப்பு" என்று மட்டும் எழுதினால், போன வாரமா பத்து வருடம் முன்பா என்று தெரியாமல் கேஷுவால்ட்டியில் தடுமாறுவார்கள். மாதமும் வருடமும் போடுங்கள்.

பக்கவாதத்துக்கும் இதே முறைதான். வந்தது 2019; இன்றும் இடது கை பலவீனம் என்றால் கை பலவீனம் இப்போதையது.

மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்தது, கட்டி இல்லை. ஆனால் மாத்திரை தொடர்கிறது. பழையதா?

அந்த மாத்திரை எதற்கு என்பதைப் பொறுத்தது. டமாக்ஸிஃபென் போன்றவை 5 வருடமோ அதற்கு மேலோ போகும். அதைப் புற்றுநோய்க்கான சிகிச்சையாகவே டாக்டர் கொடுக்கிறார் என்றால் நடப்பில் உள்ள நோயாகவே எழுத வேண்டும். கட்டி எடுத்து, எல்லா சிகிச்சையும் முடிந்து, செக்கப்புக்கு மட்டும் வருகிறார் என்றால் பழையது. செக்கப் வருவது சிகிச்சை அல்ல. முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர். நாம் ஊகிக்கக் கூடாது.

வலிப்பு வந்து வருடக்கணக்காகிறது என்றால்?

மருந்து போகிறது என்றால் இப்போதையது, விவாதமே இல்லை. 10 வருடம் வலிப்பு இல்லாமல், அதில் கடைசி 5 வருடம் மருந்தும் இல்லாமல் இருந்தால் தீர்ந்ததாகக் கருதலாம் என்பது 2014-ல் வகுத்த உலக வரையறை. கடைசியாக வலிப்பு வந்த தேதியை எழுதாத கோப்பில் இதை எப்படிக் கணக்குப் போடுவது?

மஞ்சள் காமாலை வந்து கீழாநெல்லி சாப்பிட்டுச் சரியானது என்கிறார்.

மஞ்சள் போய்விட்டது, சரி. எந்தக் காமாலை என்று தெரியுமா? ஹெபடைடிஸ் ஏ என்றால் வந்துபோனதோடு முடிந்தது. பி என்றால், ரத்தத்தில் அதன் அடையாளம் 6 மாதத்துக்கு மேல் இருந்தால் நாள்பட்ட தொற்று. கண் வெள்ளையாக இருந்தாலும் அது இப்போதைய நோய். தெரியாவிட்டால் "மஞ்சள் காமாலை, சுமார் 2005, வகை தெரியவில்லை" என்று எழுதுங்கள். டாக்டர் பார்த்துவிட்டு டெஸ்ட் எழுதுவார்.

கர்ப்பத்தில் சுகர். பிரசவத்துக்குப் பிறகு?

பிரசவம் ஆனதும் அந்தக் கர்ப்பத்தின் சுகர் பழையது, ஆனால் மறக்கக் கூடாத பழையது. பிரசவத்துக்குப் பின் சில வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும், அடுத்த கர்ப்பத்தில் முதலிலேயே பார்க்க வேண்டும், பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடுதல். "நீரிழிவு நோயாளி" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தச் சீட்டோடு ஒரு பெண் புகுந்த வீட்டில் படும் பாடு நமக்குத் தெரியாததா?

பென்சிலின் அலர்ஜி சின்ன வயதில் வந்தது. பழையதா?

இல்லை. முறைப்படி சோதித்து, அலர்ஜி இல்லை என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போடும் வரை அது முதல் பக்கத்தில் சிவப்பில் இருக்கும்.

மருந்துப் பட்டியலில் மெட்ஃபார்மின் இருக்கிறது, நோய்ப் பட்டியலில் நீரிழிவு இல்லை. நானே சேர்க்கலாமா?

கூடாது. சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் மெட்ஃபார்மின் கொடுப்பார்கள். கேளுங்கள். மருந்துக்கும் நோய்க்கும் பொருந்தாத இடம் கண்ணில் பட்டதே பாதி வேலை, மீதி டாக்டருடையது.

கம்ப்யூட்டரில் பழைய குறிப்பைக் காப்பி செய்து போடுகிறோம். தப்பா?

காப்பி செய்வது தப்பில்லை, படிக்காமல் போடுவதுதான் தப்பு. கருப்பை எடுத்த அம்மாவுக்குக் கடைசி மாதவிடாய் தேதி, பித்தப்பை எடுத்தவருக்குப் பித்தப்பைக் கல் நடப்பு நோய், ஒரு வாரமாக ஒவ்வொரு நாளும் "ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள்". காகிதக் காலத்தில் எழுதக் கை வலித்ததால் தப்பும் குறைவாகவே எழுதினோம்.

சித்தூர்க்காரர், வங்காளத்துக்காரர் வந்தால் எப்படிக் கேட்பது?

தெலுங்கில் "உந்தி" என்றால் இருக்கிறது, "உண்டேதி" என்றால் முன்பு இருந்தது. வங்காளியில் "ஆச்சே" இருக்கிறது, "ச்சிலோ" இருந்தது. சத்தமான ஓபியில் காது கொஞ்சம் ஏமாந்தால் நோயின் காலமே மாறிவிடும். அதனால் வினைச்சொல்லை நம்பாமல் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், "எந்த வருடம்?" என்று விரலால் எழுதிக் கேளுங்கள். எண் எல்லா மொழியிலும் எண்தான்.

தப்பாக எழுதிவிட்டேன். வைட்னர் போடலாமா?

வேண்டவே வேண்டாம். படிக்கும்படி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி, நேரம், கையெழுத்து. கம்ப்யூட்டரில் அழிக்காமல் திருத்தக் குறிப்பு சேர்க்க வேண்டும்.

"இன்சூரன்ஸுக்காக பிபி போன மாதம்தான் வந்ததுன்னு போட்டுக்குங்க சார்" என்று கெஞ்சுகிறார்கள்.

எனக்கும் மனசு கஷ்டப்படும். ஆனால் தேதியை மாற்ற முடியாது. நம் கோப்பிலேயே மூன்று வருடம் முந்தைய ஓபி சீட்டு அதைக் காட்டிக்கொடுக்கும், கிளெய்மும் போகும். அவர்களுக்கு நான் சொல்வது வேறு: 2024 ஏப்ரல் முதல், முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருடம்தான். தொடர்ந்து 5 வருடம் பாலிசி வைத்திருந்தால், மோசடி என்று நிரூபிக்காமல், தகவலை மறைத்தார் என்று கிளெய்மை மறுக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே நோயைச் சொல்லிவிடுங்கள். நம் பக்கத் தவறும் உண்டு: குணமான நோயைத் தேதி இல்லாமல் எழுதி, இன்னும் இருப்பது போல் காட்டி, நியாயமான கிளெய்மைச் சிக்கலாக்கியிருக்கிறோம்.

மெடிக்கல் கோடிங் (கேஸ் ஷீட்டில் உள்ள நோய்க்குக் குறியீடு போடும்) வேலைக்குச் சென்னை போகிறேன். அங்கேயும் இதே முறையா?

அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட் (அவர்களுடைய கேஸ் ஷீட்) என்றால் இன்னும் கறார். அங்கே ஹெச்/ஓ என்று எழுதியிருந்தால் நோய் முடிந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் வார்டுப் பழக்கத்தில் "இருக்கிறது" என்று படித்தால் குறியீடு தப்பும். கே/சி/ஓ அங்கே பெரும்பாலும் பார்க்கவே மாட்டீர்கள். சந்தேகம் வந்தால் டாக்டருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும், ஊகம் கூடாது.

பழைய கோப்பில் "வடஆற்காடு மாவட்டம்" என்று இருக்கிறது. நோயாளி ராணிப்பேட்டை என்கிறார். வேறு ஆளா?

பெரும்பாலும் அதே ஆள்தான். வடஆற்காடு 1989-ல் பிரிந்தது; வேலூர் மாவட்டம் 2019-ல் மறுபடி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. வாலாஜா பக்கத்துக் கிராமத்தில் நகராமல் உட்கார்ந்திருந்த ஒருவர் மூன்று மாவட்டத்தில் வாழ்ந்தவராகி விடுவார். அப்பா பெயர், வயது, கிராமம் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் புது நம்பர் போடுங்கள். இல்லையென்றால் பழைய நோயெல்லாம் ஒரு நம்பரிலும் இப்போதைய நோயெல்லாம் இன்னொரு நம்பரிலும் கிடக்கும்.

வீட்டில் நாங்கள் எதை வைத்திருக்க வேண்டும்? ஆஸ்பத்திரியில்தான் எல்லாம் இருக்குமே?

எப்போதும் இருக்காது. 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிப்படி உள்நோயாளி ஆவணத்தை டாக்டர் 3 வருடம் வைத்திருந்தால் போதும். நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போதே சம்மரியை வாங்கி, ஒரு ஜெராக்ஸும் எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இடது பக்கம் முடிந்துபோன நோய், ஆபரேஷன், வருடத்தோடு. வலது பக்கம் இப்போது போடும் மாத்திரை, எந்த நோய்க்கு, எப்போதிலிருந்து. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொடுக்க வரும் அக்காவிடம் கேட்டாலே வலது பக்கத்தைப் பாதி நிரப்பிவிடலாம். அந்தக் குடியாத்தத்துப் பெண் இப்போது அம்மாவுக்கு அப்படி ஒன்று வைத்திருக்கிறாள். டிபி அட்டையை அட்டைப்படத்தின் உள்பக்கம் பசை போட்டு ஒட்டியிருக்கிறாள். பின்பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று இனி பார்க்க முடியாது, அதை மட்டும் கவரில் போட்டிருக்கலாம்.